வயல் போன ஊரில் எஞ்சிய பலகைகள்: சென்னை மேற்குப் புறநகரும் பழைய எனாமல் விவசாய விளம்பரங்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைத்த ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவை இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. அவற்றின் மதகுகளுக்குக் கீழே இருந்த வயல்களோ பெரும்பாலும் வீட்டு மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆகிவிட்டன. அந்த வயல்களுக்கு உரமும் ஆயில் எஞ்சினும் மண்ணெண்ணெயும் விற்ற கடைகளும் தொழில் மாறிவிட்டன, அல்லது இடிக்கப்பட்டுவிட்டன. அந்த வாணிபத்தின் சாட்சியாக எஞ்சக்கூடிய பொருள்களில் நெடுநாள் தாங்குவது எனாமல் போர்டு. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்த விளம்பரப் பலகை அது.

இத்தகைய பலகைகளைத் தேடி வாங்குவோரும், வாங்கிப் பழுது பார்ப்போரும் இன்று பெருகியிருக்கிறார்கள். காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போய்க்கொண்டிருந்த பொருளுக்கு உணவகச் சுவரிலும் வரவேற்பறையிலும் இடம் கிடைத்திருக்கிறது. அந்த அக்கறையோடு சில கேள்விகளும் எழுகின்றன. எந்தப் பலகையைச் சேர்க்க வேண்டும்? அதன் காலத்தை எப்படிக் கணிப்பது? போலியை எப்படிக் கண்டுகொள்வது? பழுது பார்ப்பது எந்த அளவோடு நிற்க வேண்டும்? விவசாய விளம்பரங்களை முன்வைத்து இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடி பூசிய இரும்பு

பெயின்ட் கடையில் டின்னில் கிடைக்கும் எனாமல் வேறு, இந்தப் பலகைகளின் எனாமல் வேறு. டின் எனாமல் எண்ணெயும் பிசினும் சேர்ந்த சாயம். சில கோடைகளில் வெளுத்து உரிந்துவிடும். பலகையின் எனாமலோ உண்மையான கண்ணாடி. மணல், வெண்காரம், ஃபெல்ஸ்பார், சோடா ஆகியவற்றை உருக்கித் தண்ணீரில் கொட்டினால் அது நொறுங்கிக் கண்ணாடித் துகளாகிறது. அதை அரைத்துக் களிமண்ணும் தண்ணீரும் கூட்டிக் கூழாக்குவார்கள்.

தகட்டை அளவாக வெட்டி, ஆணித் துளைகளை முதலிலேயே குத்தி, எண்ணெய்ப் பசை நீக்கி, அமிலத்தில் கழுவுவார்கள். அடுத்து அடிப்பூச்சு. கோபால்ட் ஆக்சைடு சேர்ந்த கருநீலக் கூழில் தகட்டின் இரு பக்கத்தையும் நனைத்து, ஏறத்தாழ 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சூளையில் வைப்பார்கள். இரும்பையும் கண்ணாடியையும் பிணைப்பது இந்தக் கோபால்ட்தான். அதன்மேல் வெள்ளைப் பூச்சு, மீண்டும் சூளை. பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி வேலை. வண்ணக் கூழைப் பூசி உலரவைத்து, எழுத்து வெட்டிய அச்சுத் தகட்டை மேலே வைத்து, வேண்டாத இடத்துப் பொடியைத் தூரிகையால் துடைத்துவிட்டுச் சுடுவார்கள். ஆகவே நான்கு வண்ணப் பலகை சூளைக்குள் குறைந்தது ஐந்து முறை போய் வந்திருக்கும். எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் சிறு படி தட்டுவது இதனால்தான்.

வண்ணங்கள் அனைத்தும் உலோக ஆக்சைடு போன்ற கனிமப் பொருள்கள். வெயில் அவற்றை வெளுக்கச் செய்யாது, மழை கரைக்காது. நம் வெயிலில் காகித விளம்பரம் ஒரு பருவம்கூடத் தாங்காத காலத்தில், கம்பெனிகள் கூடுதல் செலவு செய்து எனாமலைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுவே. அதன் பலவீனம் ஒன்றுதான். அடித்தால் கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. பர்மிங்காமின் செல்லி ஓக் பகுதியில் 1889இல் தொடங்கிய பேட்டன்ட் எனாமல் கம்பெனி அதில் பேர்பெற்றது. தொடக்கத்தில் நம் கடைவீதிகளுக்கு வந்த பலகைகள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்தவை. பின்னர் கல்கத்தாவில் சுர் எனாமல், பெங்கால் எனாமல் போன்ற ஆலைகள் எழுந்தன. பலகையின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் ஆலைப் பெயர்தான் சேகரிப்போர் முதலில் தேடும் தடயம்.

உழவருக்கு என்ன விற்றார்கள்

சோப்பு, தேயிலை, சிகரெட் பலகைகளே எண்ணிக்கையில் அதிகம். விவசாயப் பலகைகள் குறைவு; ஆனால் அவை சொல்லும் செய்தி கனமானது. உழவர் தம் நிலத்தில் எதைப் போட வேண்டும், தண்ணீரை எதைக் கொண்டு இறைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லத் தொடங்கிய காலத்தின் பதிவுகள் அவை.

சென்னை மாகாணத்தில் அந்தப் போதனை அரசிடமிருந்து தொடங்கியது. 1860களில் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை ஏற்பட்டது. 1876இல் அங்கே வேளாண் பள்ளி வந்தது. 1906இல் அது கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. அதே 1906இல் பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையை நிறுவியது. நாட்டின் முதல் ரசாயன உர ஆலை அதுவே. ராணிப்பேட்டை இருப்பது பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் போகும் சாலைத் தடத்தில்தான். புண்ணாக்கும் தழையுரமும் மாட்டெருவும் போட்டுப் பழகிய கைகளில் மூட்டை உரத்தைச் சேர்க்க விளம்பரம் தேவைப்பட்டது.

அடுத்தது இரும்பு. கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை 1903இல் வந்தது. ஏற்றமும் மாடு கட்டிய கவலையும் இறைத்த கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின்கள் ஏறின. ரஸ்டன், லிஸ்டர், பெட்டர் என்ற சீமை எஞ்சின்களுக்குப் பிறகு சாத்தாராவின் கூப்பர், புனேயின் கிர்லோஸ்கர் என நாட்டு எஞ்சின்கள் பெருகின. பைக்காரா மின்சாரம் 1932இல் கிடைத்ததும் கோவைப் பக்கம் மின்மோட்டார் தொழில் பிறந்தது. தமிழ்நாடெங்கும் மோட்டார் கொட்டகைகள் எழ அது வழிசெய்தது. எஞ்சினுக்கும் விளக்குக்கும் மண்ணெண்ணெய் விற்ற பர்மா ஷெல், 1928இல் உருவாகி 1976இல் அரசுடைமையானது. 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்தது.

பூச்சி மருந்தும் இந்த வரிசையில் சேர்ந்தது. காமாக்சின் என்று கிராமம் முழுவதும் அறிந்த பி.எச்.சி. பொடி ஒரு காலத்தில் உழவரின் நண்பனாக விளம்பரம் பெற்றது. 1997இல் இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. டி.டி.டி.யும் விவசாயப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. ஒரு பொருளை எந்த அளவு நம்பிக்கையோடு விற்றார்கள் என்பதற்கு அரசுக் கோப்பைவிடக் கடை முகப்பின் பலகை நேரடியான சான்று. விளம்பரத்தை அழகுப் பொருளாக மட்டும் பார்ப்பவர் இந்தப் பாடத்தைத் தவறவிடுவார்.

1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர். 8, ஏ.டி.டி. 27 போன்ற நெல் ரகங்களோடு உரத் தேவை பலமடங்கு உயர்ந்தது. மணலியில் 1966இல் அமைந்த மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971இல் உற்பத்தியைத் தொடங்கி ‘விஜய்’ என்ற பெயரில் உரம் விற்றது. ஆனால் அந்தக் காலத்துக்குள் எனாமலின் ஆதிக்கம் தேய்ந்துவிட்டது. பெயின்ட் அடித்த தகர போர்டும் சுவர் விளம்பரமும் மலிவாகக் கிடைத்தன. ஆகவே உண்மையான எனாமல் விவசாயப் பலகை என்றால் ஏறக்குறைய 20ஆம் நூற்றாண்டின் முதல் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு உரியது என்று கொள்ளலாம்.

மேற்குப் புறநகர் ஏன் முக்கியம்

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தப் பகுதியின் வழியாகத்தான் போனது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை. துறைமுகத்தில் இறங்கிய சரக்கு உள்நாட்டுக்குப் போகும் வழி இது. உள்நாட்டு நெல்லும் காய்கறியும் நகரத்துக்கு வரும் வழியும் இதுவே.

சுதந்திரத்துக்குப் பின் மாற்றம் வேகமாக வந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் அமைந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிசப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. டன்லப் ஆலை 1959இல் அம்பத்தூருக்கு வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் ஏற்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் பிறந்தது. ஒரே தலைமுறைக்குள் நாற்று நட்ட குடும்பத்துப் பிள்ளைகள் லேத் பட்டறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் போனார்கள்.

இந்த வேகம்தான் இங்குள்ள சிக்கலுக்கு வேர். தஞ்சாவூரில் உரக்கடை உரக்கடையாகவே மூன்று தலைமுறை நிற்க முடியும். அங்கே பலகை பழசானாலும் அது மாட்டிய சூழல் மாறவில்லை. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கடை போய்விட்டது, வாடிக்கையாளரும் போய்விட்டார், நிலமும் போய்விட்டது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானது. கடைவீதிகள் அகலப்படுத்தப்படும்போதும் பழைய கட்டடங்கள் இடிபடும்போதும் கதவு, ஜன்னல், உத்தரம் என்று பிரித்து விற்கிறார்கள். இரும்பு எடை போட்டு விற்கும் குவியலில் பலகையும் சேர்ந்துவிடுகிறது. இன்ன தெருவில், இன்ன கடையில் மாட்டியிருந்தது என்ற தகவல் அந்தக் கணத்தோடு அழிகிறது.

அதே பகுதியின் தொழில்திறன் இன்னொரு வகையில் உதவவும் கூடும், கெடுக்கவும் கூடும். தகடு வேலை, மணல் வீச்சு, பவுடர் கோட்டிங் தெரிந்த கைகள் தொழிற்பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களிடம் பழைய பலகையைக் கொடுத்தால் இரண்டு நாளில் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். அந்தப் பளபளப்பில் என்ன போகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

எங்கே போயின, யார் சேர்க்கிறார்கள்

பலகை தன் முதல் வேலையை இழந்த பின்னும் உழவர் வீட்டில் வீணாவதில்லை. தகடு கனமானது, தண்ணீருக்கு அஞ்சாதது. மாட்டுக் கொட்டகையின் மறைப்பாக, கோழிக் கூண்டின் கதவாக, தொட்டி மூடியாக, மோட்டார் கொட்டகையின் கூரை ஒட்டாக அது தொடரும். பலவற்றில் எழுத்துப் பக்கம் உள்நோக்கித் திருப்பப்பட்டிருக்கும்; வெயிலும் கல்லடியும் படாததால் அந்தப் பக்கமே நன்றாகப் பிழைத்திருக்கும். திருவள்ளூர், பூந்தமல்லி வட்டாரக் கிராமங்களில் தேடுவோர் கொட்டகைகளை உள்பக்கமிருந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

சென்னையில் பழம்பொருளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. இன்று தமிழ்நாட்டில் எனாமல் பொருளுக்குப் பெரிய சந்தை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஐரோப்பிய, ஜப்பானிய எனாமல் பாத்திரங்களோடு விளம்பரப் பலகைகளும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. அங்கே வாங்கும் பலகை முதலில் எந்த ஊரில் இருந்தது என்பது பெரும்பாலும் கடைக்காரருக்கே தெரிவதில்லை.

வெளிநாட்டு அனுபவம் இங்கே பயன்படும். இங்கிலாந்தில் கிறிஸ்டபர் பாக்லி, ஆண்ட்ரூ மார்லி இருவரும் 1978இல் வெளியிட்ட நூல் எனாமல் பலகைகளைத் தெருவின் நகைகள் என்று போற்றியது. அதன் பிறகு பீமிஷ் போன்ற அருங்காட்சியகங்கள் பலகைகளைப் பழைய கடை, ரயில் நிலையம் ஆகியவற்றின் சூழலோடு சேர்த்தே காட்டுகின்றன. ஸ்பெயினில் சிலி நாட்டு நைட்ரேட் உரத்துக்கு 1929இல் உருவான குதிரை வீரன் விளம்பரம் இன்னும் பல கிராமச் சுவர்களில் இருக்கிறது. ஓடுகளில் சுட்ட அந்த உர விளம்பரத்தை ஊர்கள் தங்கள் மரபுச் சொத்தாகக் காக்கின்றன. உர விளம்பரமும் வரலாறுதான் என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டதற்கு அது நல்ல சான்று. அமெரிக்காவிலோ இரண்டாம் உலகப் போர்க் கால இரும்பு வேட்டையில் எண்ணற்ற பலகைகள் உலைக்குப் போயின.

காலம் கணிப்பது எப்படி

ஆலைப் பெயர் அழிந்திருந்தாலும் பலகையே தன் காலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுப் பலகைகளுக்கு உதவும் சில உறுதியான எல்லைகள் உண்டு.

முதலாவது எழுத்து. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும் வழங்கின. பலகையில் ‘விலை’, ‘சென்னை’ போன்ற சொற்களை உற்றுப் பார்த்தால் போதும். பழைய வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் 1978க்கு முந்தியது. ஆனால் பெரியார் இதழ்கள் 1935 முதலே புதிய வடிவங்களை அச்சிட்டன என்பதால், புதிய வடிவம் மட்டுமே பிந்திய காலத்துக்குச் சான்றாகாது.

இரண்டாவது காசும் அளவும். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையே. மணங்கு, வீசை என்றிருந்தால் மெட்ரிக் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்த 1962க்கு முன் என்று கொள்ளலாம்.

மூன்றாவது முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. அம்பத்தூரின் 600053, ஆவடியின் 600054, பூந்தமல்லியின் 600056, தொழிற்பேட்டையின் 600058 ஆகியவை முழுமையாக எழுதப்பட்டிருந்தால் பலகை அதற்குப் பிந்தியது. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருப்பது 1996க்கு முந்தியது என்பதை மட்டுமே காட்டும். தமிழில் சென்னை என்ற பெயர் நெடுங்காலமாக வழங்குவதால் அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது.

நான்காவது நிறுவனப் பெயர். இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் 1926இல் உருவானது. பர்மா ஷெல் 1928இல். இவற்றின் பலகை எதுவும் அந்த ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்க முடியாது. 1920களுக்கு முந்திய பர்மா ஷெல் பலகை என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

பலகையில் எழுதிய வாசகத்தைப் பழைய பத்திரிகை விளம்பரங்களோடு ஒப்பிடுவது மிக வலுவான முறை. அதற்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் நூலும் இதழும் அழைப்பிதழும் துண்டு நோட்டீசும் திரட்டினார். அவர் மறைவுக்குப் பின் அந்தத் திரட்டு 1994இல் நூலகமானது. பெயர்ப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர் அவர் என்பது இத்துறையினர் பெருமைப்பட வேண்டிய செய்தி.

போலிகள்

விலை ஏறிய எதற்கும் போலி வரும். பழைய பலகைகளின் படியெடுப்புகள் இந்தியாவிலேயே செய்யப்பட்டு உள்ளூரிலும் வெளிநாட்டிலும் பழையவை என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கக் கண்ணும் விரலும் போதும்.

ஆணித் துளையை முதலில் பாருங்கள். பழைய பலகையில் துளை குத்திய பிறகே எனாமல் பூசினார்கள். ஆகவே துளையின் உள் விளிம்பு வரை கண்ணாடி வழிந்து மழுங்கியிருக்கும். பல ஆண்டுகள் திருகாணி அழுத்தியதால் துளையைச் சுற்றி வட்டமாகச் சில்லு பெயர்ந்து, நடுவில் துருவும் அதைச் சுற்றிக் கருநீல அடிப்பூச்சும் அப்புறம் வெள்ளையும் வளையம் வளையமாகத் தெரியும். சில்லின் விளிம்பு சிப்பி ஓடு போலக் குழிந்திருக்கும். போலியில் துளையை இறுதியில் துளைத்திருப்பார்கள்; அல்லது அரைக்கும் கருவியால் சில்லுகளைச் செயற்கையாக உண்டாக்கியிருப்பார்கள். அரைத்த இடத்தில் ஒரே திசையில் கீறல் ஓடும். நான்கு மூலையும் ஒரே அளவில் அடிபட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து பலகையைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான பலகையின் பின்புறமும் அடிப்பூச்சுக் கண்ணாடி இருக்கும். வெறும் பெயின்டோ முழுவதும் ஒரே சீரான துருவோ இருந்தால் அது எனாமல் பலகை அன்று. எழுத்து ஓரத்தில் படி தட்டுகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். தகட்டின் கனமும் முக்கியம். மெலிந்த தகடு கையில் வளையும். கடைசியாகத் தமிழ். பழைய எழுத்து வடிவில் எழுதிய பலகையில் இன்றைய கணினி எழுத்துருவின் சாயல் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

பழுது பார்ப்பதில் மூன்று நிலைப்பாடுகள்

சேகரிப்போரிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கும் இடம் இதுதான்.

முதல் தரப்பு முழுப் புதுப்பிப்பை விரும்புகிறது. குழிகளை நிரப்பி, வண்ணம் சேர்த்து, புதிதாக மாட்டியதுபோல ஆக்குவது. பலகையைப் படிக்க முடிய வேண்டும், பார்ப்பவர் மகிழ வேண்டும் என்பது அவர்கள் வாதம். பாதி எழுத்து அழிந்த பலகை எதையும் சொல்லாது என்பதில் உண்மை உண்டு.

இரண்டாம் தரப்பு எதையும் தொடக்கூடாது என்கிறது. கிடைத்த நிலையிலேயே சுவரில் மாட்டுவது. இதில் நேர்மை இருக்கிறது. ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் துரு நிற்காமல் பரவும். கண்ணாடிக்கு அடியில் நுழைந்து பக்கத்துச் சில்லையும் கிளப்பும். ஒன்றும் செய்யாதிருப்பதும் மெதுவாக அழிப்பதே ஆகும்.

மூன்றாம் தரப்பு அருங்காட்சியகத்தாரின் வழி. அழிவை நிறுத்து, அழுக்கை நீக்கு, எஞ்சியதோடு எதையும் கூட்டாதே. நிரப்பியே ஆக வேண்டுமென்றால், பின்னால் வருபவர் கரைத்து எடுக்கக்கூடிய பொருளால் மட்டும் நிரப்பு. பாதுகாப்பாளர்கள் இதற்குப் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினோடு வண்ணப் பொடி கலந்து பயன்படுத்துகிறார்கள். அசிட்டோனில் அது கரைந்துவிடும்.

என் தீர்ப்பு மூன்றாம் வழியின் பக்கம். விவசாயப் பலகைக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சிறுவர்கள் கல்லெறிந்த தழும்பு, பண்டிகைக்கு அடித்த சுண்ணாம்பின் தெறிப்பு, கொட்டகைக் கூரையாக்கியபோது புதிதாக அடித்த ஆணித் துளை ஆகிய ஒவ்வொன்றும் அந்தப் பலகை உழவர் கையில் வாழ்ந்த வாழ்வின் அடையாளம். விற்பனைக்காக வந்த பலகையை உழவர் தமக்குப் பயன்படும் பொருளாக மாற்றிக்கொண்டார். அந்த இரண்டாம் துளையை அடைத்துவிட்டால் கம்பெனியின் குரல் மட்டும் மிஞ்சும். உழவரின் பங்கு மறைந்துபோகும்.

செய்யத் தக்கன, தகாதன

முதல் வேலை புகைப்படம். முன், பின், நான்கு மூலை, விளிம்பு எழுத்து எல்லாவற்றையும் கழுவுவதற்கு முன்பே படமெடுக்க வேண்டும்.

வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பஞ்சுத் துணி. பெரும்பாலான அழுக்கு இதிலேயே போய்விடும். கட்டியான சுண்ணாம்பை ஊறவைத்து மரக் குச்சியால் மெல்ல நெம்பலாம். பலகையின்மேல் பிற்காலத்தில் யாராவது பெயின்ட் அடித்திருந்தால் அதைக் கரைப்பானால் எடுக்கலாம். கண்ணாடியை அது பாதிக்காது. ஆனால் மேலே எழுதியது பழைய கடைப் பெயராக இருந்தால் எடுப்பதற்கு முன் யோசியுங்கள். அதுவும் ஒரு வரலாறே.

புளி, எலுமிச்சை, கழிவறை அமிலம் ஆகியவற்றை அண்டவிடக் கூடாது. பித்தளைக் குடத்துக்கு நல்லதான புளி, எனாமலின் மினுமினுப்பைத் தின்றுவிடும். பாத்திரம் விளக்கும் பொடியும் கம்பிப் பஞ்சும் நுண்கீறல் போடும். ஆக்சாலிக் அமிலத்தால் துருக்கறை எடுப்போர் உண்டு. அதுவும் அமிலமே என்பதால் மூலையில் சோதித்துப் பார்க்காமல் தொடக்கூடாது.

துரு பிடித்த இடத்தைக் கூர்மையற்ற கருவியால் சுரண்டி, டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தூரிகை நுனியால் துருவின்மேல் மட்டும் தொட்டு வைப்பது பழகிய முறை. செந்துரு கருநீலமாகி நிலைபெறும். ராணிப்பேட்டைத் தோல் பதனிடுவோர் கடுக்காயிலிருந்து பெற்றதும் இதே டானின் வகைப் பொருள்தான். உலர்ந்த பின் மெழுகு தடவினால் ஈரம் புகாது.

உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதோ இயந்திரத்தால் அரைப்பதோ கூடவே கூடாது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம்; சிவப்பிலும் மஞ்சளிலும் காட்மியம் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. மணல் வீச்சு கண்ணாடியையே பெயர்த்துவிடும். பவுடர் கோட்டிங் அடுப்பின் வெப்பம் 200 டிகிரி அளவில்தான் இருக்கும். அது தருவது பிளாஸ்டிக் மேல்தோல். உருகிய கண்ணாடியின் ஆழம் அதற்கு வராது. மறுபடியும் சூளையில் சுடுவதும் தகட்டை நெளித்து, எஞ்சிய எழுத்தையும் பாழாக்கும்.

மாட்டும்போது திருகாணிக்கும் பலகைக்கும் இடையே ரப்பர் அல்லது தோல் வாஷர் வையுங்கள். அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். தரையில் சாய்த்து வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே நின்றது என்பது இப்பகுதி மக்களுக்குத் தெரியும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பலகைகள் அந்த வயதை எட்டிவிட்டன. வெளிநாட்டுக்கு விற்க நினைப்போர் முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் கேட்டறிவது கடமை.

முடிவுரை

ஆய்ந்து பார்த்ததில் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. எனாமல் விவசாயப் பலகை, நவீன விவசாயம் தமிழ் உழவரிடம் எந்தச் சொற்களில் வந்து சேர்ந்தது என்பதற்கான முதன்மைச் சான்று. அதன் மதிப்பில் பாதி பலகையில் இருக்கிறது. மறு பாதி அது மாட்டியிருந்த இடத்தைப் பற்றிய தகவலில் இருக்கிறது. பழுது பார்ப்பது துருவை நிறுத்துவதோடு முடிய வேண்டும்.

இப்பகுதிக்கு வேண்டிய வசதிகள் தொலைவில் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. உலோகப் பொருள்களைக் காப்பதில் அதற்கு நீண்ட அனுபவம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகட்டை அறிந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கிளை நூலகங்களில் ஒரு சுவரை ஒதுக்கினால், ஊரின் பழைய கடைப் பலகைகளையும் அவற்றின் படங்களையும் வைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ பழைய கடையிலோ இப்படி ஒரு பலகை இருந்தால் காயலான் கடைக்குக் கொடுக்கும் முன் நிறுத்துங்கள். படமெடுங்கள். அது எந்தத் தெருவில், யார் கடையில், ஏறக்குறைய எந்த ஆண்டு வரை மாட்டியிருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, பலகையின் பின்னால் ஒட்டிவையுங்கள். அந்தத் தகவலைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.